மில் இரைச்சலுக்குள் பாடிய தீபா

காலையில் கோதுமையைக் கொட்டி மோட்டாரைப் போட்ட நேரம், கிடார் வாசிக்கும் நிகில் வாசலில் வந்து நின்றான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். "ஆஜோபா, தீபா போயிட்டா. தூக்கத்துலயே" என்று மராத்தியில் சொன்னான். ஆஜோபா என்றாலும் தாத்தாதான்; அவனுக்கு நான் ஆஜோபா, தமிழ் பேசும் தீபாவுக்குத் தாத்தா, இரண்டு பேருமே சொந்தப் பேரப்பிள்ளைகள் இல்லை. "எந்த தீபா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தீபா ஒருத்திதான். இன்னமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. இந்த அஞ்சலியை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். தீபாவின் பாட்டைப் பற்றி, அவளை அறிந்த உங்களுக்கு நான் என்ன சொல்ல? எங்கள் வானவடிப் பகுதியில் என் மாவு மில்லின் பின்னறையில்தான் தீபாவும் நிகிலும் இருந்த இசைக்குழு பழகியது. ஃபிளாட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மில் ஓடும்போது யார் காதில் விழப்போகிறது?

முதல் ஆல்பத்தை மும்பை ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். எல்லாரும் புகழ்ந்தார்கள். இரண்டாவதன் பதிவை என் பின்னறையிலேயே வைத்துக்கொண்டார்கள். நான் மில்லை நிறுத்தப் போனேன். "அரே தாத்தா, நிறுத்தாதீங்க! இந்தச் சத்தத்துக்குள்ளதான நாங்க பழகுனோம்" என்றாள் தீபா. நிறுத்தினால் டிரம்ஸ்காரனுக்குக் கை ஓடவில்லை, அது உண்மை.

ஆல்பம் வந்ததும் ஒரு விமர்சகர் கிழித்துவிட்டார். இங்கிலீஷில் இருந்ததைத் தீபாவே தமிழில் சொன்னாள்: "மெஷின் இரைச்சலில் முழுகிப்போன பாட்டு. இரண்டாம் தடவை கேட்க ஆளிருக்காது."

"அவன் வீட்டுக் கோதுமை வந்தா அரைக்க மாட்டேன்" என்றேன்.

"நடுவுல திட்டாதீங்க தாத்தா, முழுசா கேளுங்க. அவருக்குப் பிடிக்கல, சொல்லிட்டார். பொய்யா சொன்னார்?"

சிரித்தாளே தவிர, அன்று அவள் மைக்கைத் தொடவில்லை. கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தாள்.

அவள் போனபின் அதே விமர்சகர் அஞ்சலி எழுதியிருக்கிறார். நிகில் எனக்குப் படித்துச் சொன்னான்: "இரண்டாவது ஆல்பம் வந்த அன்றே, இது பெரும் படைப்பு என்று அறிந்தேன்." அந்த ஆல்பத்தின் மறுபதிப்பு அட்டையில் அதைப் போடப்போகிறார்களாம். சாவுச் செய்திக்கு அடுத்து என்னை உலுக்கியது இதுதான்.

"அன்னைக்கு என்ன எழுதினார்னு ஞாபகம் இல்லையாடா?"

"இருக்கு ஆஜோபா. ஆனா அவ அம்மாவுக்கு ஆறுதலா இருக்குமே."

"மனசு மாறிடுச்சுன்னு எழுதட்டும், தாராளமாப் போடு. அன்னைக்கே தெரியும்னா, அந்தப் பொண்ணு மூட்டைமேல உட்கார்ந்திருந்தது எதுக்கு?"

நிகில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அட்டையில் இப்போது அந்த வரி இல்லை. பாட்டுகளின் பெயர், வாசித்தவர்கள் பெயர், அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் பாட்டு எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அவளிடமே சொல்லியிருக்கிறேன். அப்படியும் ஒவ்வொரு புதுப் பாட்டையும் முதலில் என்னிடம்தான் பாடிக்காட்டுவாள். "உங்ககிட்ட மட்டும்தான் தாத்தா நம்பிக் கேக்கலாம்" என்பாள். அவள் வைத்த அந்த நம்பிக்கைதான் என்னிடம் இருக்கிறது. இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.