மரம் எங்கே போய் வாங்கி வந்தது?

காலை பதினொன்று பத்து. இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே உள்ள ஓர் இறப்பர் தோட்டம். மரங்களில் வெட்டிய பால் நிறுக்கும் கொட்டகை ஓரத்தில் தனியே இருந்த ஒரு வாளிதான் முதலில் கண்ணில் பட்டது. தாமதித்தால் பால் கட்டியாகிவிடும். ஆனாலும் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இது சென்ற வருடம் நடந்தது.

வாளிக்குரிய பெண் எதிரே, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் இருந்தார். பால் நிறுக்கும் நேரத்தை ஒட்டித்தான் அங்கே பெண்களுக்கான கிளினிக் வைப்பார்கள். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நானும் கருப்பைக் கழுத்துச் சோதனையின் முடிவை வாங்க வந்திருந்தேன். சோதனையன்றே மிட்வைஃப் மிஸ் விளக்கியிருந்தார்: இந்தச் சோதனை தேடும் வைரஸ் தாம்பத்திய உறவில் தொற்றுவது, மிகச் சாதாரணமானது. பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலரிடம் மட்டும் தங்கி, வலியோ அறிகுறியோ இல்லாமல் பல வருடங்களில் புற்றுநோயாக மாறக்கூடும்.

அந்தப் பெண் வெளியே வந்ததும் அவருடைய நாத்தனார் கொட்டகை வாசலில் மறித்தார்.

“என்னாவாம்?”

“வைரஸ் இருக்காம். ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“அடி ஆத்தே! எங்க போயி வாங்கிட்டு வந்த? ஆஸ்பத்திரிக்கு வேற போனீன்னா லயத்து வீடெல்லாம் சிரிக்கும்.”

பால் நிறுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ வாளியைத் தூக்கித் தராசில் வைத்தார்.

“ஏன் மச்சி, மழைக்கு ஒன் மரத்து வெட்டுப் பட்டையில அழுகல் புடிச்சிச்சே, அது எங்க போயி வாங்கிட்டு வந்திச்சு?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“மேல பாத்தா தெரியாது. சொரண்டிப் பாத்து மருந்து பூசினோம், பொழைச்சிச்சு. விட்டிருந்தா? இது புருசன் பொண்டாட்டிக்குள்ள வர்றதுதான். கலியாணம் கட்டுன யாருக்கும் வரலாம்னு மிஸ் சொன்னாங்க. நான் போகத்தான் போறேன். நீயும் டெஸ்ட் எடு.”



அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனார். புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் தொடங்கியிருந்ததாம். அந்தப் பகுதியை மட்டும் அகற்றினார்கள். இப்போது வழக்கம்போல் பால் வெட்டுகிறார். ஒளித்து வைக்கக்கூடிய ஒன்றை அத்தனை பேர் நடுவே, குரல் நடுங்காமல் சொன்ன அந்தத் துணிச்சலை, பாடசாலையில் வாய் திறக்கத் தயங்கும் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த கிளினிக் நாளில், மிட்வைஃப் மிஸ்ஸின் ஸ்கூட்டர் வருமுன்பே மடுவத்து வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் அந்த நாத்தனார்.