தறிப்பக்கத்து எழுத்து

அந்த டீச்சரம்மா சொன்னதை அன்றே என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எந்தப் பூவேலைப் புட்டாவுக்கு எத்தனை கட்டம், தறியில் மாட்ட எத்தனை துளையட்டை என்று குறித்து வைக்கும் நோட்டு அது. கடைசிப் பக்கத்தில், ஒரு சொல் மாறாமல் எழுதினேன்:

"இந்தப் பொண்ணுக்கு மூளையே திரும்பிக்கினு இருக்குதும்மா. இதுக்கு எதுக்கு சிலேட்டு? அறுந்த இழை முடியக் கத்துக் குடு, போதும்."

சொன்னது என் அக்காவிடம். 'இந்தப் பொண்ணு' அக்காவின் மகள், நாலு வயது. டீச்சரம்மா எங்கள் பிள்ளையார்பாளையம் தெருக்கோடியில், தன் வீட்டுக் கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தறி இருக்கும் வீட்டுக்குள் கால் வைத்துப் பழக்கமில்லை. குழந்தையைச் சேர்க்கப் போனபோது 'ட' எழுதச் சொல்லியிருக்கிறார். அவள் அதை இடம் வலம் மாற்றிப் போட்டாள். அங்கிருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தாள். அன்று மூன்று முறை இழை அறுந்தது.

நான் நெசவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்து, கட்டம் போட்ட தாளில் டிசைன் வரையும் வேலையில் இருந்தேன். தப்பு விழுந்தால் முதலில் காரணத்தைத் தேடவேண்டும் என்று படித்தவள். நாலு காரணம் எழுதினேன்: கண், கை, பயம், எழுத்தை எங்கே பார்த்தாள் என்பது. ஒரு வாரத்தில் முதல் மூன்றையும் அடித்துவிட்டேன்.

அக்கா முந்தானையில் பேர் நெய்வதில் கைதேர்ந்தவள். தரையோடு ஒட்டிய எங்கள் குழித்தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவர் பார்ப்பது உள்பக்கத்தை. எழுத்தெல்லாம் மாறித்தான் தெரியும். தவழ்ந்த நாளிலிருந்து அம்மா அருகிலேயே இருந்த குழந்தை, யாரும் சொல்லித் தராமல், ஜரிகையில் எழும்பிய அந்த எழுத்துகளைப் பார்த்து வைத்திருந்தாள். தறி வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அதற்குத்தான் மூளை திரும்பியிருக்கிறது என்று பேர்.

பேர் சரியாக விழுகிறதா என்று பார்க்க, எழுத்துக்குப் பக்கத்தில் துணிமேல் நிறுத்திப் பார்க்கும் கைக்கண்ணாடி ஒன்று எங்களிடம் உண்டு. அதை எடுத்தேன். 'ப' இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அதில் தொடங்கினேன். பிறகு 'ட'. தாளில் அவள் மாற்றி எழுதியதையும் அது கண்ணாடியில் தெரிவதையும் காட்டி, "இது அம்மா பக்கம். இது புடவை கட்டிக்கிறவங்க பக்கம்" என்றேன்.

"டீச்சரு கட்டிக்கிறவங்களா, சித்தி?"

"ஆமாண்டி. நாம நெய்யிறவங்க."

தினமும் வேலைக்குப் புறப்படும் முன் கால்மணி நேரம். வாரத்துக்கு ஐந்து எழுத்து. சோப்பு உறை, தீப்பெட்டி, பஸ்ஸின் பெயர்ப்பலகை, சுவரில் எழுதிய தேர்தல் வாசகம், எதையும் விடவில்லை. அவள் சலித்துக்கொண்டால் நிறுத்திவிடுவேன். அவசரம் எனக்குத்தான், அதை அவளிடம் காட்டவில்லை. ஒரு வருஷத்தில் அவள் இரண்டு பக்கத்திலிருந்தும் படித்தாள்.

அப்போதுதான் டீச்சரம்மா தன் மகளின் கல்யாணப் புடவைக்காக அக்காவிடமே வந்தார். முந்தானையில் பெண், மாப்பிள்ளை பேர் வேண்டுமாம். அக்கா தயங்கினாள். நான் முந்திக்கொண்டு சரி என்றேன். நானே வரைந்தேன், நானே அட்டை குத்தினேன். பேர் நெய்து முடிந்த அன்று வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.

வந்தவர் தறியைப் பார்த்ததும் அலறினார். "என்னம்மா இது? ஒரு எழுத்துகூட விளங்கலையே! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிரிக்க மாட்டாங்க?"

"உங்களுக்குப் படிக்க வரலையா, டீச்சரம்மா? கண்ணு, நீ படிம்மா."

குழந்தை ஜரிகைமேல் விரல் படாமல், காற்றில் கோடு போட்டபடி இரண்டு பேரையும் படித்தாள். டீச்சரம்மாவின் முகம் போன போக்கை நான் நிதானமாகப் பார்த்தேன். அதற்காகத்தானே ஒரு வருஷம் காத்திருந்தேன்.

"நல்ல பக்கத்தை எப்படிப் பாக்கறது?"

"தறியிலேர்ந்து அறுத்தாத்தான். அதுவரைக்கும் எங்க பொண்ணு படிச்சதை நம்பித்தான் ஆகணும்."

"கண்ணாடி இருக்குதே, சித்தி! நீதான அரிசியில வெச்ச?" என்று ஓடினாள் அவள். அரிசி ஒட்டிய கண்ணாடியைக் கொண்டுவந்து எழுத்துக்குப் பக்கத்தில் துணிமேல் நிறுத்திப் பிடித்தாள். "குனிங்க டீச்சர். இன்னும் குனிங்க. இதுதான் நீங்க கட்டிக்கிற பக்கம்."

பட்டுப்புடவை கசங்க டீச்சரம்மா தரையோடு தரையாகக் குனிந்தார். இதை நான் திட்டம் போடவில்லை. போட்டிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

நிமிர்ந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாளையிலேர்ந்து இவளை அனுப்பும்மா" என்றார்.

அவர் அன்று சொன்னதைப் படித்துக் காட்ட, நான் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். 'பழசையெல்லாம் விடுடி' என்று எனக்கு அதுவரை நூறு முறை சொல்லியிருந்த அக்கா, தறியிலிருந்து தலை தூக்கவில்லை.

"வேணாங்க. அதுக்கு மூளை திரும்பிக்கினு இருக்குது" என்றாள். ஊடைநூல் ஓடும் நாடாவைத் தறிக்குள் எறிந்தாள். இழை அறவில்லை.