கண்ணமங்கலத்தில் கத்திய கார்

போன வெள்ளிக்கிழமை வேலூரில் ஒரு கல்யாணம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். எட்டு மணி நெருங்கும்போது முகூர்த்தப் புடவை எங்கே இருந்தது தெரியுமா? என் காரில் — என் மனைவி மடியில். அவள் நெய்ததுதான். முந்தின நாள்தான் தறியிலிருந்து அறுத்தாள்.

கார் வாங்கிப் பத்து நாள். சி.வி.டி. என்றார்கள் ஷோரூமில். கியரே மாற்ற வேண்டாமாம். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்...

கண்ணமங்கலம் தாண்டி ஒரு லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். ஐயோ! இன்ஜின் ‘ஊ...’ என்று ஒரே சுருதியில் கத்துகிறது. இருபத்தைந்து வருஷம் கியர் வண்டி ஓட்டிய காதுக்கு அது என்ன? மரண ஓலம்! ஓரங்கட்டினேன். பானட்டைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன்? இன்றுவரை தெரியாது.

“மணி எட்டாவப் போவுது. இன்னாங்க பண்ணிகினு கீறீங்க?” — மனைவி.

“கியர்பாக்ஸ் போச்சுடி! நீ பஸ்ஸைப் புடி!”

எங்கள் ஊர் ஆரணியில் இருக்கும் மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் சிரித்தார்.

“அண்ணே, அதுல ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட்டு. கப்பியோட ரெண்டு தட்டும் நெருங்கி விலகி, பெல்ட்டு மேல ஏறும், கீழ எறங்கும். இன்ஜின் ஒரே மாதிரி சுத்திகினு இருக்கும், வண்டி மட்டும் வேகம் புடிக்கும். பேஜார் பண்ணாம ஓட்டுங்க!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது!

“தறிக்கு நூல் தார் சுத்துற மாதிரிதாங்க. ராட்டை ஒரே வேகந்தான். குச்சியில நூல் சேர்ந்து தார் பெருக்கப் பெருக்க, நூலை ஜல்தியா இழுத்துக்கும். நடுவுல ராட்டையை நிறுத்தி கியரா போடுறோம்? எடுங்க வண்டிய!”

எடுத்தேன். அழுத்தினேன். கத்தியது. துணைக்கு நானும் கொஞ்சம் கத்தினேன். அறுபது, எழுபது, எண்பது... வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது கார்!

எங்கள் தலைமுறைக்கு ஒரு வியாதி. ஒவ்வொரு படியும் ‘டக்’கென்று இடித்தால்தான் முன்னேறுகிறோம் என்று நம்புவோம். இடிக்காமல் நல்லது நடந்தால்? பயந்துபோய் ஓரங்கட்டிவிடுவோம். பரவாயில்லை... அதுவும் பழகிவிடும் போலிருக்கிறது.

எட்டு நாற்பதுக்கு மண்டபம். வாசலிலேயே நின்றிருந்த பெண்ணின் அம்மா, புடவையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“பயந்தே போய்ட்டோம்மா. வழியில எதனா பிரச்சினையா? கார்ல எதனா கோளாறா?”

“கார்ல இல்லீங்க” என்றாள் என் மனைவி.