கால்மிதியில் ஓட்டை

செல்லோ வயலினுக்குச் சொந்தம்தான், ஆனால் உயரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தோளில் சாய்க்கவோ மடியில் கிடத்தவோ முடியாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களையும் அகட்டி, நடுவே அதை நிறுத்த வேண்டும். அதன் அடியில் ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் கூர்முனை தரையில் ஊன்றி நிற்க வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டையெல்லாம் இந்த முழங்காலையும் அந்தக் கம்பியையும் பற்றித்தான்.

நானாகத் தேடிப் போய்ப் பிடித்த வாத்தியம் இல்லை. எங்கள் பள்ளியில் வெஸ்டர்ன் மியூசிக் சொல்லிக்கொடுத்தார்கள். முந்திக்கொண்டவர்கள் வயலினை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். நான் எதற்குமே முந்துகிற ஆள் கிடையாது. மூலையில் யாரும் சீண்டாமல் கிடந்தது என் தலையில் விழுந்தது.

அம்மாவுக்கு நான் வீணை வாசிக்க வேண்டும் என்று ஆசை. சம்மணம் போட்டு, குனிந்த தலை நிமிராமல், பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி. "பொம்பளப்புள்ள இப்புடியா காலை அகட்டிக்கிட்டு உக்காருவா? அதுவும் அம்புட்டுப் பேரு முன்னால?" என்று தினமும் ஒரு பாட்டு.

எனக்குப் பதின்மூன்று வயதில் பள்ளி ஆண்டு விழா. கணுக்கால் வரை தொங்குகிற பாவாடைதான் போட்டிருந்தேன். பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோளிலிருந்து துண்டை உருவினாள். விறுவிறுவென்று மேடையேறி வந்து, என் முழங்கால்கள் மேல் அதைப் போர்த்திவிட்டு இறங்கிப் போனாள். என் வில் துண்டில் சிக்கிக்கொண்டது. மொத்தக் கூட்டமும் சிரித்தது. நல்லதுக்குத்தான் செய்தாள் என்று அப்பா ஒரு மாதம் சொல்லிப் பார்த்தார். நல்லதாவது கெட்டதாவது, எனக்கு மானம் போயிற்று. அதற்குப் பிறகு என் கச்சேரி எதற்கும் அம்மா வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இருபத்தைந்து வருஷம் அப்படியே ஓடியது.

வீட்டில் மட்டும் சாதகம் நடந்தது. திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் தரை. கம்பி வழுக்கும். அதனால் வாசலில் கிடக்கும் தேங்காய் நார்க் கால்மிதியை இழுத்துப் போட்டு, நாற்காலியின் முன்கால் இரண்டையும் அதன் மேல் ஏற்றி, கம்பியை நாரில் குத்தி உட்காருவேன். நாற்காலியும் நகராது, கால்மிதியும் நகராது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "வாங்கி ஒரு மாசம் ஆகல. கால்மிதியச் சல்லடையாக்கிட்டா!" என் சங்கீதத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த கருத்து இது ஒன்றுதான்.

போன வருஷம் நாங்கள் அறுபது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவாகச் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தோம். செல்லோ தனி வாசிப்பு என்னுடையது. முன்னால் நின்று கையசைத்து நடத்துவதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் அழைப்பிதழில் அவரைச் 'சிறப்பு நடத்துநர்' என்று போட்டுவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு அப்பா போனில் கேட்டார்: "எந்த டிப்போ?"

சிரித்து முடித்துவிட்டு, "உங்கம்மாவும் வாரேங்குறா, ஆத்தா" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பயமாக இருந்தது, வேறென்ன. நாற்பதை நெருங்குகிற பொம்பளை, பல ஊர் மேடை பார்த்தவள், அம்மா வருகிறாள் என்று பயப்படுகிறேன். நான் வாசிப்பதை அவள் ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மேடைக்கு மட்டும் வந்துவிடக்கூடாது.

ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டின் மேலேயே ஒரு கல்யாண மண்டபம். காலை ஒத்திகையில் மேடை முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பி அருமையாக நின்றது. அதை நம்பி, வழுக்காமல் இருக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் ரப்பர் வில்லையை, மத்தியானம் சாப்பிடப் போனபோது வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பூ அலங்காரம் செய்தவர்கள் சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட, மண்டபத்து ஆட்கள் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேடைக்குள் நடந்து வந்தபோதுதான் பார்த்தேன். கிரானைட். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை; கீழே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று எனக்குத் தெரியும்.

நான் வாசிக்க வேண்டியது மூன்று பாகம். முதல் பாகத்தில் வில்லால் அழுத்தி இழுத்த ஒவ்வொரு தடவையும் கம்பி அரை அங்குலம் முன்னே நழுவியது. முழங்கால்களால் இறுக்கிப் பிடித்தேன். இறுக்கினால் நாதம் செத்துவிடும். விட்டால் வாத்தியமே போய்விடும். நடத்துநர் ஓரக்கண்ணால் பார்த்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். நல்ல மனுஷன். ஆனால் அவர் என்ன செய்வார், கிரானைட்டுக்கு வேகம் தெரியுமா? மூன்றாவது பாகம் வரை தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதே ஊரில், இதே அம்மா பார்க்க, இரண்டாவது தடவையும் மானம் போகப் போகிறது.

முதல் பாகம் முடிந்தது. இரண்டு பாகங்களுக்கு நடுவே கைதட்டும் வழக்கம் கிடையாது. நம் ஊரில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? மண்டபமே அதிர்கிற மாதிரி தட்டினார்கள். தட்டியதும் கச்சேரி முடிந்துவிட்டது என்று கமிட்டித் தலைவர் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். நடத்துநர் ஒன்றும் புரியாமல் தலையைக் குனிந்து கொடுத்தார்.

அப்போது அம்மா எழுந்தாள்.

அப்பாவின் தோளைத்தான் முதலில் பார்த்தேன். துண்டு இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பக்கவாட்டுப் படிகளை நோக்கி நடந்தாள். படிக்கு மேலே ஒரு மேஜையில் பொன்னாடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சரிதான், இன்றைக்கு ஜரிகை வைத்துப் போர்த்தப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பூ அலங்காரத்துக்குப் பின்னால் அவள் குனிந்தது தெரிந்தது. பிறகு வெளியே வந்தாள்.

கையில் கால்மிதி. படிக்கட்டில் கிடந்த தேங்காய் நார்க் கால்மிதி, 'நல்வரவு' என்று எழுதியது.

"எந்திரி" என்றாள். எழுந்தேன். கால்மிதியைப் போட்டு, நாற்காலியின் முன்கால் இரண்டையும் அதன் மேல் ஏற்றினாள். "உக்காரு." உட்கார்ந்தேன். பட்டுப்புடவையோடு என் முன்னால் மண்டி போட்டு, கம்பியைக் கையால் பிடித்து நாரில் குத்தி ஒரு திருகு திருகினாள். அசைத்துப் பார்த்தாள். நகரவில்லை.

அப்புறம் என் முழங்கால்களைப் பார்த்தாள்.

"ஏன்டி இம்புட்டு இறுக்குற? கால நல்லா அகட்டி உக்காரு. அப்பத்தான நிக்கும்?"

செல்லோவுக்காக வைத்திருந்த மைக் அதை மண்டபம் முழுவதற்கும் சொன்னது. யாரோ சிரித்தார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கமிட்டித் தலைவரும் என்ன நினைத்தாரோ, பேசுவதற்கு எடுத்திருந்த மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். நடத்துநர் பொன்னாடையைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

நான் அகட்டி உட்கார்ந்தேன். கீழே அம்மா, அப்பாவின் தோளிலிருந்து துண்டை உருவினாள். கையில் ஒட்டியிருந்த நாரையும் தூசியையும் துடைத்தாள். துண்டை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.