கைதட்டல்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போன வேனில் என் பக்கத்தில் இருந்தவர், நோர்வூட் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. விரல்களில் தேயிலைக் கறை. புல்வெளியில் இறங்குமுன் ஓங்கிக் கைதட்டினார். மேய்ந்துகொண்டிருந்த மரைமான்கள் ஓடிவிட்டன. படமெடுக்க வந்தவர்களுக்கு ஆத்திரம், கத்தித் தீர்த்தார்கள்.

“ஏம்மா தட்டினீங்க?” என்றேன்.

“தேயிலை மலைக்குள்ள எறங்கும்போது தட்டுவோங்க. சிறுத்த படுத்திருந்தா வெலகிப் போயிரும். எம்மக ஒருநாள் தட்டாம எறங்கிட்டா. பொணமாத்தான் தூக்கிட்டு வந்தாங்க. நீங்கல்லாம் எறங்குறீங்களேன்னு தட்டினேன்.”

பொழுது சாய, அவரைத் தோட்டத்தில் இறக்கிவிட்டோம். அவர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதை தேயிலைக்குள் இருண்டு கிடந்தது. வேனை எடுக்கவிடாமல், அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

அவர் தட்டவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடியே உள்ளே நடந்தார்.