நாலு பேர் பார்க்கத் தின்ற லட்டு

குன்னத்துப் பஞ்சவர்ணத்துக்கு 1996இல், சுவாதி வயிற்றில் இருந்தபோது சர்க்கரை வந்தது. பிறந்த குழந்தை நாலேகால் கிலோ. மாமியார் வீரம்மாள் ஏதோ தானே பெற்றது போல அந்த எடையை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். "சர்க்கரை இப்ப இறங்கிடும். ஆனா பின்னால திரும்ப வரலாம். வருசா வருசம் ரத்தம் பாக்கணும்" என்று பெரம்பலூர் டாக்டரம்மா சொன்னது மட்டும் அந்தப் பெருமைக்காரியின் காதில் ஏறவில்லை.

"புள்ளையோட வந்துச்சு, புள்ளையோட போயிடுச்சு. சும்மா சும்மா ரத்தம் பாத்தா சீக்காளின்னு ஊரு பேசாதா? நாளைக்குப் பரிமளாவ யாரு கட்டுவா?"

பரிமளா, புருஷன் மணிவேலின் தங்கை. அப்போது பதிமூன்று வயது. அண்ணியின் சர்க்கரை நாத்தனாருக்கு எப்படி ஒட்டும் என்று கேட்க அந்த வீட்டில் ஒரு மூளையும் இல்லை. மணிவேலுக்குத் தலை இருந்தது, அம்மா சொன்னால் ஆட்டுவதற்கு.

இருந்தும் விஷயம் கசிந்துவிட்டது. வீரம்மாள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, நாலு பேர் முன்னால் மருமகள் கையில் லட்டைத் திணிப்பாள். "தின்னுடி. எங்க வூட்ல யாருக்கு சக்கர?"

பஞ்சவர்ணம் பத்து வருடம் தின்றாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், இளைத்தாள். வேலைக்குச் சோம்பல் என்றாள் மாமியார். வெங்காயக் கொல்லையில் காலில் முள் குத்திய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள், மகாராசி.

2006இல் அரியலூரிலிருந்து பரிமளாவைப் பெண் பார்க்க வந்தார்கள். வீரம்மாள் வழக்கம்போல லட்டை நீட்டினாள். மருமகளின் காலில் புண்ணைச் சுற்றிய துணி நனைந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் கை நீட்டவில்லை.

"எனக்கு சக்கர இருக்கு அத்தை. வேணாம்."

வீரம்மாளின் முகம் செத்துப்போனது. மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாயி தன் தட்டிலிருந்த லட்டையும் நகர்த்தி வைத்தாள்.

"எனக்கும் எட்டு வருசமா இருக்கும்மா. நீ என்ன மாத்திர போடுற?"

"ஒண்ணும் போடலைங்க."

ஆண்டாயி குனிந்து அவள் காலைப் பார்த்தாள். "அட பாவிங்களா, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சத்தம் போட்டாள். மணிவேல் அப்போதும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தான். பஞ்சவர்ணத்துக்கு அழுகை வரவில்லை. காறித் துப்பலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. அன்றைக்குப் பஞ்சவர்ணம் இடது காலில் இரண்டு விரல் எடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருமகள் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே நிற்க, வீரம்மாள் கூசாமல் சொன்னாள்:

"கால் சுளுக்கிக்கிச்சு."