எதோடு ஒப்பிட்டது?

உள்ளங்கையில் அடங்கும் எஃகு உருளை அது. மாஸ்டர் என்போம். செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் எங்கள் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இயந்திரத்துக்குத் தினமும் காலையில் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும். பிறகு, லேத்தில் கடைந்து வரும் உருளைகளை அது மாஸ்டரோடு ஒப்பிடும். சரியென்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. யோசிக்கிற மெஷின் என்று மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலை, சிவப்பைத் தவிர எதுவும் எரியவில்லை. எல்லா உருளைகளும் மயிரிழையளவு சிறியவையாம். அத்தனையும் ஒரே டர்னர் கடைந்தவை. அந்த மாதம்தான் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். மேனேஜர் அவரை நீக்கும் உத்தரவை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். டர்னர் சுவரோரம் நின்று கைத்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார். டைப்ரைட்டர் சத்தம் எங்கள் அறைவரை கேட்டது.

எங்கள் சூப்பர்வைசரும் என்னைப்போல் செகந்திராபாத் தமிழ்க்குடும்பம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மாஸ்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னக்கா?"

"பூஜையன்னிக்கு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேனே. இதுக்கும் வச்சிட்டேன்டி. தொடச்சேன், சரியா போவல."

குங்குமம் போயிருந்தது. சந்தனம் மெல்லிய ஏடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. தடித்துப்போன மாஸ்டரோடு ஒப்பிட்டால் நல்ல உருளையும் சிறிதாகத்தானே தெரியும். காரணம் சொல்லாமல் மறுசோதனைக்கு மேனேஜர் ஒப்பமாட்டார். சொன்னால் அக்காவின் பதவி போகும். மாஸ்டரை வேறெதற்கும் தொடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

அக்கா துணியை எடுத்தார். ஒரு துடைப்பில் தடயமே இருக்காது. அவர் டர்னரைப் பார்த்தார். துணியைக் கீழே வைத்தார்.

"நக்கோடி, வேணாம். மெஷினு நாம குடுத்ததோடதான் ஒப்பிட்டுப் பாத்துச்சு. அதுக்கு வேற என்னா தெரியும்? நமக்குத் தெரியுதே."

துடைக்காத மாஸ்டரை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார். டைப்ரைட்டர் நின்றது. கொஞ்சநேரத்தில் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை அக்காவின் பெயருக்கு.

டர்னருக்கு வேலை நிரந்தரமானது. அக்காவைப் பதவி இறக்கிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். இன்று என் மகளின் அலுவலகத்தில் வேலை கேட்டு வருகிறவர்களைக் கணினியே பிரித்துவிடுகிறதாம், ஏற்கெனவே அங்கிருப்பவர்களோடு ஒப்பிட்டு. இருக்கட்டும். ஒப்பிடத்தானே அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் தள்ளப்பட்டவர்களை நினைக்கும்போதெல்லாம், அந்த எஃகு உருளையை இறுக மூடியிருந்த அக்காவின் விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.